தொடாத, மாஸ்டர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946 மழைக்காலத் தொடக்கம். நான் மயிலாப்பூரில் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். முறுக்கு மீசை வேறு. விளையாட்டில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

ஒரு சனிக்கிழமை அடையாற்றங்கரை மைதானத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் ஒரு கம்பெனி துரைமார்களுக்கும் ரக்பி மாட்ச். எல்லைக் கோட்டில் கொடி பிடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையாக சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

ரெஃப்ரீயைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டு. என்னைவிட ஆறேழு வயது சின்னவர், ஒல்லி. ஆட்டம் தொடங்குமுன் முப்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, லாடம் கட்ட வந்த குதிரைகளைப் போல ஒவ்வொருவரையும் காலைத் தூக்கச் சொல்லி பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்தார். சிப்பாய்களின் கேப்டன் ஆறடி உயர ஆபீஸர். அவருடைய பூட்ஸிலேயே ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கழற்ற வைத்துவிட்டார்.

இந்த ஆட்டத்தில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. இரண்டு கட்சியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, தலைகளை எதிர்க்கட்சியின் தலைகளுக்கு நடுவே செருகி, நடுவில் கிடக்கும் பந்துக்காகத் தள்ளுவார்கள். முன்வரிசை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், கார்டு விசில் ஊதிவிடுவார். எல்லோரும் எழுந்து மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். சிப்பாய்க்கும் அதே விசில், துரைக்கும் அதே விசில். தடவைக்குத் தடவை மாறவே இல்லை. கூட்ஸ் வண்டி ஓட்டுகிறாயா என்று கேப்டன் கேலி செய்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

கடைசி ஐந்து நிமிஷம். சிப்பாய்கள் மூன்று பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். பந்தைக் கொண்டு சேர்த்தால் பாயிண்ட் கிடைக்கிற, கம்பெனிக்காரர்களின் கடைசிக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் ஸ்க்ரம். சிப்பாய்கள் உறுமிக்கொண்டு தள்ளினார்கள். பந்து கோட்டைத் தொடப்போகிற நேரம், விசில்! கெடுத்தானே பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கேப்டன் முகம் சிவக்கக் கார்டின் முன்னால் போய் நின்றார்.

கார்டு அவரைப் பார்க்கவே இல்லை. யாரும் யாரையும் இழுக்கக் கூடாது, பின்னால் இருப்பவர்கள் முதலில், ஒவ்வொருவராக எழுந்திருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து கிடந்த பதினாறு பேரில் பதினைந்து பேர் எழுந்தார்கள். அடியில் ஒருவன் குப்புறக் கிடந்தான். கேப்டனுடைய ஆள்தான். பத்தொன்பது வயது இருக்கும்.

நம் ஊரில் ஒருவர் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? அள்ளித் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் சோடாவை அடிப்போம். பள்ளிக்கூடத்தில் நான் எத்தனை பிள்ளைகளை அப்படித் தூக்கியிருப்பேன்! கொடியைப் போட்டுவிட்டு, வேலியோரம் நின்ற சோடாக்காரனிடம் ஒரு கோலி சோடாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பையனின் அக்குளில் கையையும் கொடுத்துவிட்டேன். என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"தொடாத, மாஸ்டர். கழுத்து."

கார்டு சத்தமே போடவில்லை. ஆனாலும் நான் கையை எடுத்துவிட்டேன்.

பிறகு அவர் செய்ததை நான் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை. சேற்றில் குப்புறப் படுத்தார். பையனின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, அவன் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். சீமையில் கப்பலை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போக எந்த ரயில், முதல் ஸ்டேஷன் எது என்று கேட்டார். பையன் முனகினான். அடுத்தது, அதற்கடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் குரல் நின்றுபோனால், வண்டியைக் கிளப்பு தம்பி என்பதுபோல இங்கிலீஷில் ஏதோ சொல்வார். மறுபடி ஒரு ஊர்ப்பெயர் வரும்.

மழை பிடித்துக்கொண்டது. கேலி செய்த அதே கேப்டன் தன் கோட்டை விரித்து இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ராணுவ டாக்டர் வண்டியோடு வந்து சேர முக்கால் மணி ஆயிற்று. அதுவரை கார்டின் கை ஒரு நூல் அசையவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வண்டி போன பிறகு அவரால் விரல்களை மடக்க முடியவில்லை. என் கையில் அந்த சோடா அப்படியே இருந்தது. அதை உடைத்து அவர் கையில் ஊற்றி சேற்றைக் கழுவிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து லஸ் முனையில் அவரைப் பார்த்தேன். பையனுக்குக் கழுத்தெலும்பில் விரிசலாம். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு, தன் காலால் நடந்தே கப்பல் ஏறினானாம். தூக்கி உட்காரவைத்திருந்தால் என்று டாக்டர் தொடங்கிய பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். விசிலுக்குச் சிரித்ததையும் திட்டியதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடுங்க மாஸ்டர். வண்டிய நிறுத்துனா திட்டு வாங்கிக்கினு வூட்டுக்குப் போய்டலாம். நிறுத்தாம வுட்டுட்டா வூட்டுக்குப் போவ முடியுமா?" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்.

பிறகு நானும் பல ஆண்டுகள் விசில் பிடித்தேன், திட்டும் நிறைய வாங்கினேன். இன்றும் என் கண்ணெதிரே யாராவது விழுந்தால் கை தன்னால் நீளத்தான் செய்கிறது. ஆனால் பாதி வழியில், அன்று அவர் பிடித்த அதே மணிக்கட்டில், நின்றுவிடுகிறது.