சகுந்தலா டீச்சர் வீட்டுக் கனகாம்பரம்

சகுந்தலா டீச்சர் இறந்த செய்தி சித்தூரில் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் காலையிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சாயங்காலம் வந்தது. அன்று என் மகளுக்கு வளைகாப்பு. பந்தி முடிந்து எல்லோரும் போனபிறகுதான் என் கணவர் சொன்னார். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே பள்ளியில் அவர் தமிழ், நான் கணக்கு. திருத்தணி மதராஸுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவானபோது ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. திருத்தணிப் பக்கம் மாற்றல் கேட்பீர்களா என்று அவரைத் துளைத்தெடுத்தோம். "இப்போ போனா கனகாம்பர நெத்தெல்லாம் வெடிச்சிப்பூடும். வெதைய எடுத்துக்கினு அப்பறம் பாக்கலாம்" என்றார். ஈரம் பட்டதும் அந்த நெத்து படாரென்று வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். அதனால் பனி விழுமுன் காய்ந்த கதிர்களைத் துணியால் மூடிக் கட்டுவார். மாற்றல் மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

முருங்கை நிழலில் நட்டிருந்தார். கழனித்தண்ணீர் ஊற்றுவார், பூத்து ஓய்ந்த கதிரைக் கிள்ளிவிடுவார். "வாசனையே இல்லாத பூவுக்கு இம்மாம் சீராட்டா?" என்று நான் சீண்டுவேன். "ஒன் மல்லி பொழுதுக்குள்ள சுருண்டுடும். இது நாலு நாள் நிக்கும், போ" என்பார்.

வளைகாப்புக்குப் பூ தன்னுடையது என்று அவரே சொல்லியிருந்தார். அதற்காகச் சில நாட்களாகச் செடியில் கை வைக்காமல் விட்டு, முந்தின சாயங்காலம் மொத்தமாகப் பறித்து, கட்டித் தரச் சொல்லி பக்கத்து வீட்டு நரசம்மாவிடம் கொடுத்திருக்கிறார். விடிவதற்குள் நெஞ்சுவலி. எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் நரசம்மா பூவோடு வாசலிலேயே நின்றாள். "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்றாள்.

"ரெண்டு தெரு தாண்டி வர்றதுக்கு இன்னா கேடு அவளுக்கு? பூவ அனுப்பிச்சிட்டா ஆச்சா? பெரிய மகாராணி!"

கூடியிருந்தவர்கள் முன்னால் கத்தினேன். நரசம்மா தலை நிமிராமல் போய்விட்டாள். அட பாவி, அந்த நேரத்தில் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

பூ சாவு வீட்டில் இல்லை, அதற்குத் தீட்டில்லை, கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பியதே டீச்சரின் கணவர்தானாம். மாசமாக இருக்கும் பெண்ணின் காதில் விழக்கூடாதென்று சாவு மேளத்தையும் வேண்டாமென்றிருக்கிறார். என் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாக, சத்தமில்லாமல் டீச்சரைத் தூக்கிப்போயிருக்கிறார்கள். சுமங்கலியாகப் போனவருக்குச் சூட்டத் தோட்டத்தில் ஒரு கனகாம்பரம் இல்லை. மார்க்கெட்டிலிருந்து சாமந்தி வாங்கினார்களாம். அந்த நேரத்தில் என் வீட்டில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டுவதற்குள் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய கணவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று கதவோரமே நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பூ பத்துச்சாம்மா? பத்தலன்னா நீ திட்டுவேன்னு ராத்திரியெல்லாம் சொல்லிக்கினே இருந்தா."

டீச்சரின் ஞாபகமாக என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான்.