தமிழ்நாட்டுப் புள்ள

அன்னக்கிளி சின்ன வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள். அங்கே ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பத்தை இந்தியாக்காரர்கள் என்றார்கள். குன்னூருக்கு வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் அம்மா மருதாயியோடு இருந்துகொண்டே பிளஸ் டூ முடித்தாள். லீவு நாளில் கொழுந்து பறிக்கப் போனால், மஞ்சு மூடிய சரிவெல்லாம் அவள் கண்ணுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்து வயல்களாக விரிந்துகொண்டே போகும்.

மார்க் வந்ததும் தாவரவியல் ஆசிரியை அம்சவேணியிடம் போனாள்.

“கோயமுத்தூர்ல எடம் கெடைக்குமா டீச்சர்?”

அம்சவேணி சற்று யோசித்தாள். “சிரமந்தான் கண்ணு. உன்னைவிட நல்ல மார்க் வாங்குன புள்ளைக்கே போன வருசம் கெடைக்கல. ஊட்டி காலேஜ்ல பாட்டனி கண்டிப்பாக் கெடைக்கும். ரெண்டுக்கும் போட்டு வையி.”

“நான் சிலோன்ல பொறந்தவ. வெளிநாட்டுக்காரின்னு தள்ளிருவாங்களா?”

“எதுக்குத் தள்றாங்க? நீ தமிழ்நாட்டுப் புள்ள. இங்கத்தப் புள்ளைங்களோட சேத்துத்தான் உன்னையும் பாப்பாங்க.”

‘தமிழ்நாட்டுப் புள்ள’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடியே அன்னக்கிளி மலைப்பாதையில் நடந்தாள். பஸ் கடந்து போனதுகூடத் தெரியவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்றாள் மருதாயி.

“கோயமுத்தூர் கெடைக்கிறது கஷ்டமாம்மா.”

“அதுக்கா இப்பிடிச் சிரிக்கிற?”

கோவை கிடைக்கவில்லைதான். அந்த ஆண்டே ஊட்டிக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் நாள் மருதாயி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாசல்வரை கூடவே வந்தாள். மகள் உள்ளே போய் மறைந்த பிறகும், தூறலில் முக்காடு போட்டபடி அங்கேயே நின்றாள்.