முகத்தைக் காட்டுங்க, போட்டோ எடுக்கணும்

ஊரில் உள்ள அத்தனை பேரையும் அசிங்கமாகப் படம் பிடித்துவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்குகிற தொழில் ஆதார் மையத்துத் தொழில் ஒன்றுதான். உங்கள் அட்டையில் நீங்கள் சந்தேகத்தின் பேரில் பிடித்து வரப்பட்டவர் மாதிரி இருந்தால், என்னைப் போல ஒருத்தி "நிமிருங்க, சிரிக்காதீக, அசையாதீக" என்று உங்களைப் படுத்திய பாட்டின் பலன் அது. அட்டையை நீட்டும்போதெல்லாம் கூசுகிற உங்களுக்கும், எடுத்துக்கொண்டே இருக்கிற எனக்கும் கஷ்டம் ஒன்றுதான் என்பதால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

காரைக்குடியில் உள்ள ஒரு சின்ன மையம் எங்களுடையது. ஒரு கணினியில் நான், இன்னொன்றில் பாஸ்கர், எங்கள் இருவர் தலைக்கும் மேலே சூப்பர்வைசர் சார். நான் காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இந்த வேலைக்கு வரும்வரை பர்தா போட்ட பெண் யாரோடும் உட்கார்ந்து பேசியது கிடையாது. அதனால் சம்பளத்தோடு சேர்த்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அதிர்ச்சிதான்.

பவுடர்

நான் சேர்ந்த புதிதில் கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்க மூடிய ஒரு பெண் பாஸ்கர் முன்னால் வந்து உட்கார்ந்தார். பாஸ்கர் கெட்டவன் இல்லை. ஆனால் மெதுவாகப் பேசுவது அவன் பரம்பரையிலேயே கிடையாது. "முகத்தைத் திறங்கம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். அந்தப் பெண் எழுந்து போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் வீட்டிலிருந்து பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பீரோவுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டு, "பெண்கள் எல்லாம் இங்குட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். "ஆபீஸ் மாதிரியா இருக்கு? பிரசவ வார்டு மாதிரி இருக்கு" என்றார் சூப்பர்வைசர் சார். ஆனாலும் கழற்றச் சொல்லவில்லை.

அதே பெண் திரும்பி வந்தார். பாவம், பயந்துபோயிருப்பார் என்று நான் ஆறுதல் வார்த்தைகளை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். "பயப்படாதீக, இங்க நம்ம ரெண்டு பேருதான்" என்று ஆரம்பிக்கும் முன்பே நிகாபைச் சட்டென்று தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டார். கைப்பையைத் திறந்தார். கண்ணாடி வந்தது, பவுடர் வந்தது, மை பென்சில் வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பயமா? இந்தப் படம் பத்து வருசம் நிக்கும்ல, செத்த பொறுங்க, மூக்குல எண்ணெய் வழியுது."

முக்காடு

இன்னொரு நாள் என் பக்கம் கூட்டம் என்று பாஸ்கர் முன்னால் போய் உட்கார்ந்தாள் ஒரு கல்லூரி மாணவி. முகம் முழுக்கத் திறந்திருந்தது, தலையில் மட்டும் முக்காடு. மத வழக்கப்படி தலையை மூடியிருந்தாலும் முகம் முழுசாகத் தெரிந்தால் போதும். எங்கள் விதி அதுதான், பாஸ்கருக்குப் பின்னால் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பின்னால் இருப்பதால் அவன் அதைப் படித்ததில்லை. "காது தெரியணும், துணியை எடுங்க" என்றான். "முகம் நல்லாத் தெரியுதே சார்" என்றாள் அந்தப் பெண். "ரூல்னா ரூல்" என்றான். கூட வந்த அப்பா பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். நானோ கையை உதறி அழுகிற ஒரு குழந்தையின் விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி, யோசிச்சிட்டு வாங்க, அடுத்த ஆள்" என்றான் பாஸ்கர். அடுத்த ஆள் ஒரு கன்னியாஸ்திரி. "வாங்க மதர், உக்காருங்க, அப்படியே நேராப் பாருங்க" என்று அவன் குரல் வெண்ணெயாகிவிட்டது. அந்த அம்மா உட்கார்ந்தார். கையை உயர்த்தித் தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு துணியை எடுத்து மடியில் வைத்தார். ஒட்ட வெட்டிய நரைத்த முடி. கன்னியாஸ்திரியின் தலைமுடியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது மாதிரி வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "மதர், மதர், நீங்க எதுக்கு..." என்று பாஸ்கர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். ஊசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த மாணவியைக் கைகாட்டி அவர் சொன்னார்: "ரூல்னா ரூல்தானே தம்பி, எங்க ரெண்டு பேரையும் சேந்தாப்புல எடுத்துருங்க."

வாய்ப்பூட்டு

பங்குனித் திருவிழா சமயம். வெளியே மேளச் சத்தம், பால்குடக் கூட்டம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் சேலைத் திரையைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் என் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தனம். இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வந்திருந்தது வெள்ளி அலகு. நான் போட்ட கத்தலில் பாஸ்கர் ஓடி வந்து, பார்த்துவிட்டு அவனும் கத்தினான். பின்னாலேயே அலகு குத்தியவரின் மனைவி வேப்பிலையும் டோக்கனுமாக வந்தார். "இன்னைக்கு விட்டா டோக்கன் எப்பக் கிடைக்குமோ? சாமி போற வழியிலதான ஆபீஸ் இருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்."

"அதைக் கழட்டாம எப்படி எடுக்குறது?" என்றேன். "கோயில்லதான் கழட்டணும், நேர்த்திக்கடன்" என்றார் மனைவி. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டவர் பேச முடியாமல் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு நாள் வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன், சாமியைக் கும்பிட்டதாக அவர் மனைவி எடுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நிகாபோடு காத்திருந்த பெண்ணுக்குத் தோள் குலுங்கியது. "நாங்களாச்சும் தூக்கிக் காட்டிட்டு இறக்கிக்குவோம் மேடம், அவுக என்ன செய்வாக பாவம்!"

பேரும் உடுப்பும்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய அதிர்ச்சி. இனிச் சொல்வது அப்படி இல்லை.

"முத்துலட்சுமி, ஒக்கூர்" என்று கூப்பிட்டேன். கறுப்புப் பர்தாவும் நிகாபுமாக ஒரு பெண் எழுந்து திரைக்குள் வந்தார். டோக்கன் மாறிவிட்டது என்று நினைத்து, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். "முத்துலட்சுமிதான்க்கா" என்றார். பழைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். வட்ட முகம், நெற்றியில் குங்குமம், தோளில் மல்லிகைச் சரம். நிமிர்ந்தபோது அவர் முகத்துணியைத் தூக்கியிருந்தார். என் வாயிலிருந்து என்னை மீறி ஒரு சத்தம் வந்தது. கையால் பொத்திக்கொண்டேன், அதற்குள் அவர் கேட்டுவிட்டார். முகத்தின் ஒரு பாதி மெழுகு உருகி நின்ற மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்து இமை மூடியபடி ஒட்டிப் போயிருந்தது. மிச்சமிருந்த நெற்றியில் அதே குங்குமம், சின்னதாக.

"அடுப்பு வெடிச்சிருச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்கு" என்றார். அடுப்பு வெடித்தது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஒக்கூரில் புருஷனை விட்டுவிட்டு வந்து காரைக்குடியில் ஒரு அறை எடுத்து, கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள், எழாதவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டுக் குடைந்தார்கள். ஒருநாள் அழுதுகொண்டு வந்தவருக்குப் பக்கத்து வீட்டு ஜீனத் அக்கா தன் பர்தாவைக் கொடுத்து, போட்டுக்கொண்டு போ என்றாராம். "இதைப் போட்டா எல்லாரும் துணியப் பாக்குறாகக்கா, என்னைய விட்டுர்றாக."

பரீட்சை லீவு

அவர் வந்தது தன் மகளுக்காக. சிவகங்கையில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். போன தடவை பார்க்கப் போனபோது வாசலிலேயே வார்டன் அட்டையை வாங்கிப் பார்த்து, முகத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "இது நீங்க இல்லையே" என்று நிறுத்திவிட்டார். உள்ளே இருந்து மகள் "அதுதான் எங்கம்மா, அதுதான் எங்கம்மா" என்று கத்தியிருக்கிறாள். பிள்ளை சொல்வதை வைத்து அனுப்ப முடியாது, நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து கூப்பிடுவார்கள் என்று வார்டன் சொல்லிவிட்டார். நான் அந்த வாசலில் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பரீட்சை முடிந்து விடுதியைப் பூட்டப்போகிறார்கள். அதற்குள் புதுப் படம் ஏறி அட்டை வந்துவிட வேண்டும். "கார்டு வராட்டி என்ன, லீவுக்குப் புள்ளை அங்கேயே இருக்கட்டுமே" என்று புரியாமல் சொல்லிவைத்தேன். அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "பூட்டிருவாகக்கா. அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு, அவருக்குத்தான் முகம் ஒத்துப்போகுதுல்ல."

பச்சைக் கட்டம்

எங்கள் கேமராவுக்கு முகம் பிடித்திருந்தால் திரையில் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும். முத்துலட்சுமிக்கு விழவில்லை. விளக்கைத் திருப்பினேன், நாற்காலியை நகர்த்தினேன், "முகம் கிடைக்கவில்லை" என்றே வந்துகொண்டிருந்தது. தீயை அணைத்த கைகள் என்பதால் விரல் ரேகையும் எடுபடவில்லை. திறந்திருந்த கண்ணின் கருவிழி மட்டும் ஒத்துப்போனது. இப்படிப்பட்ட படத்தைச் சூப்பர்வைசர் ஆளை நேரில் பார்த்துத் தன் கைரேகை வைத்தால்தான் அனுப்பலாம். சாரைக் கூப்பிட்டேன். அவர் திரைக்கு வெளியே நின்றபடியே, "டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். லெட்டர் வருவதற்குள் விடுதியைப் பூட்டிவிடுவார்கள் என்று நான் சொல்வது அவர் காதில் ஏறவில்லை.

அதற்குள் வரிசையில் நின்ற ஒரு ஆளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "முத்துலட்சுமிங்கிறாக, பர்தா போட்ட ஆளு உள்ள போகுது. என்னய்யா நடக்குது இங்க? வெளிய வரச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். கூட நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் தடுக்கும் முன்னால் முத்துலட்சுமி சேலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அந்த ஆளின் போனுக்கு நேராகப் போய் நின்று முகத்துணியைத் தூக்கினார். போன் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. "இறக்காதீகண்ணே, நல்லா எடுங்க. எம் மக ஹாஸ்டல்ல காட்டுறதுக்கு எனக்கு ஒரு போட்டோ வேணும்."

விடுதி வாசல்

சார் அதன்பிறகு லெட்டர் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார், கண் கலங்கியதைக் கண்ணாடி துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டார், கைரேகை வைத்தார். படம் ஏறியது. அது நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிடுமோ என்று தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன், பாஸ்கர் எனக்கு முன்னாலேயே பார்த்துவைத்திருப்பான். விடுதி பூட்டுவதற்கு முதல் நாள் ஒப்புதல் வந்தது. அட்டையை அச்சடித்து அவர் கையில் கொடுத்தபோது, புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

லீவு விட்ட பிறகு ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் பழைய படத்தில் இருந்த அதே வட்ட முகம். அம்மாவின் கையை அவள் விடவே இல்லை. "கேட்ல நிறைய நேரம் நிக்க வச்சாகளா? முகத்தையும் கார்டையும் வச்சுப் பார்த்தாகளா?" என்று கேட்டேன். மகளின் அப்பா முந்திக்கொள்வாரோ என்று முத்துலட்சுமி விடியும் முன்பே போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்ததும் அட்டையை ஒரு கையில் நீட்டி, மறு கையால் முகத்துணியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வார்டன் அட்டையில் இருந்த படத்தை ஒருதரம் பார்த்தாராம். அதற்கப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லையாம். இந்த ஒரு முகத்தைக் காட்டுவதற்காகத்தானே இத்தனை பாடும் பட்டோம் என்று எனக்குப் பகீரென்றது. மகளை அனுப்பிவிட்டுக் கீழே குனிந்தபடியே வார்டன் சொன்னாராம்: "மூடிக்கம்மா, மூடிக்க, அதான் கார்டு இருக்குல்ல."

ஊரையே வரிசையில் நிறுத்தி முகத்தைக் காட்டு காட்டு என்று உயிரை வாங்குகிறோம், அப்படி ஒருத்தி முழுசாகக் காட்டியபோது அதை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட உண்மை.