பதினேழாம் எண் புட்டி

மைசூரில் முனைவர் பட்டத்துக்காக, கௌதள்ளிப் பக்கத்துக் கிராமங்களின் குடிநீரையும் மக்களின் உடல்நலத்தையும் ஆராய்ந்தேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் சரசக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றார். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பதினேழு என்று எண் ஒட்டினேன்.

"எப்படியிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தலையாட்டினேன்.

தண்ணீரில் ஃபுளோரைடு மிக அதிகம். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவு. அட்டவணையில் பதினேழைத் தடித்த எழுத்தில் போட்டேன். அதோடு என் வேலை முடிந்தது என்றிருந்துவிட்டேன். பட்டமும் வாங்கினேன்.

ஐந்து வருடம் கழித்து, வேறோர் ஆய்வுக்காக அதே தெருவுக்குப் போனேன். சரசக்கா ஆசையாகச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அன்று இடுப்பில் இருந்த மகள் அருகில் நின்று சிரித்தாள். புதிதாக முளைத்த பற்களில் பழுப்புக் கோடுகள்.

"அக்கா, இன்னும் அந்தத் தண்ணிதானா?"

"ஆமாங்க. கெட்ட தண்ணியா இருந்தா நீங்க வந்து சொல்லியிருப்பீங்கல்லங்க? அந்தத் தைரியத்துலதான் பக்கத்து வீட்டுக்கும் குடுக்கறனுங்க."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மகளின் உதட்டை விலக்கி, பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அந்த ஊர் மக்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூசுகிறது.