உள்ளே விடும் நாய்

நாய் கேட்டு வருகிறவர்களை நான் முதலில் வாசலிலேயே நிறுத்திவைப்பேன். முகத்தைப் பார்ப்பேன், கையைப் பார்ப்பேன், வந்த வண்டிக்குள் சங்கிலி ஏதாவது கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட எங்கள இப்படி நிறுத்தி வைக்கல" என்பார் என் வீட்டுக்காரர். வைத்திருக்க வேண்டும் என்று நான் பதில் சொல்வேன்.

பதுளையில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை. குடியிருப்பது ஹாலிஎலயில், வாடகை வீட்டில். பெரிய சாதி நாய்கள் எங்களிடம் வந்து சேர ஆரம்பித்தது கடையால்தான். கொழும்பில் இருப்பவர்கள் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு குட்டியை ஆசையாக வாங்குவார்கள். அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, வெயில் தாங்காமல் இளைத்ததும், பண்டாரவளைப் பக்கம் இருக்கும் தங்கள் விடுமுறை பங்களாவில் கொண்டுவந்து விடுவார்கள். பங்களாக் காவலாளிக்கு அதைக் கண்டாலே நடுக்கம். தீவனம் வாங்க வருகிற யாரிடமாவது சொல்லி, அது கடைசியில் என் தலையில் வந்து விழும்.

இந்த நாயும் அப்படி வந்ததுதான். காக்கேசியன் என்று சொல்லும் சாதி. பழுப்பு உடம்பு, கரி பூசிய மாதிரி முகம். எங்கேயோ பனி மலைகளில் ஆட்டு மந்தையோடு படுத்து, ஓநாய் வராமல் காப்பதற்காகவே வளர்த்தெடுத்த இனமாம். காவலை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காப்பதற்கு அதற்கென்று ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலியைக் காக்கும், காற்றைக் காக்கும், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைக் காக்கும். எங்கள் முற்றத்தில் அது செய்தது இதைத்தான். அக்கம்பக்கத்தார் தூங்கவில்லை.

முதலில் அப்புத்தளைப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் வாங்கிப்போனார். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார். "உள்ள வாறவங்கள ஒண்ணும் செய்யல. வெளிய போறவங்கதான் போக முடியல. ஒரு ஜோடி ரயில விட்டுட்டாங்க" என்றார். அந்தச் சாதிக்கு அது பழக்கம்தான். வருகிறவரை ஆற அமரப் பார்க்கும், போகும்போதுதான் என்ன எடுத்துப் போகிறாய் என்று கேட்கும்.

அடுத்தது ஒரு மர ஆலைக்காரர். பேச்சு இனிப்பாக இருந்தது, சத்தியம் எல்லாம் செய்தார். சொல்லாமல் ஒருநாள் போய் நின்றேன். மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு முழச் சங்கிலியில், கழுத்து புண்ணாகிக் கிடந்தது. அங்கேயே அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அதற்குப் பிறகு நான் யாரையும் நம்புவதில்லை.

ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி அந்த நாய் என்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று. இரண்டு முறை திரும்பி வந்த நாயைக் கேட்டு யாரும் வருவதில்லை. மிருக வைத்தியர், வலிக்காத ஊசி ஒன்று இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த இடமும் சரிவராவிட்டால் அந்த ஊசிதான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தார். கொழுந்து எடுப்பவர், கணவர் இல்லை. குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மாட்டுப்பட்டி போட்டு ஒரு பசு வைத்திருக்கிறார். கன்றைப் புலி தூக்கிவிட்டது, பசு மறுபடி சினையாக இருக்கிறது என்றார். சிறுத்தையை அங்கே புலி என்றுதான் சொல்வார்கள். நாய் ஒன்று இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் வாயை விட்டுவிட்டார்.

அந்தப் பெண் வீட்டுக்கு வந்து நாயைப் பார்த்தார். மற்றவர்களெல்லாம் என்ன விலை பெறும், கடிக்குமா என்று கேட்பார்கள். இவர், "மாட்டப் பாத்து பயப்படுமா அக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் நிபந்தனைகளைச் சொன்னேன். சங்கிலி கூடாது. "சரிங்க." வாராவாரம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். "சரிங்க." வேண்டாம் என்றால் என்னிடம்தான் தர வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. "சரிங்க." எல்லாவற்றுக்கும் சரிங்க என்கிற ஆளை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் வேறு வழியில்லாமல் கொடுத்தனுப்பினேன்.

படங்கள் வந்தன. பட்டியின் தகரத்துக்கு முன்னால் நாய், பசுவின் பக்கத்தில் நாய். பிறகு ஒரு வாரம் வந்த படத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழையதைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். அதே படம். தூக்கிய காதுகூட அதே காது. அடுத்த வாரமும் ஒரு பழைய படம்தான்.

"மழையா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"மழைக்கும் நாய்க்கும் என்ன?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

நான் தொலைபேசியில் அழைத்தேன். வேலைக்காட்டில் நின்றுகொண்டு எடுத்தார் போலிருக்கிறது, காற்று இரைந்தது. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நல்லா இருக்குங்க என்றார். நீங்கள் மலையில் நின்றால் அங்கே யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

"கங்காணிதாங்க எல்லாத்தையும் பாத்துக்கிறாரு. அவரு இருக்கிறப்ப எனக்கென்ன கவல" என்றவர், "வைக்கிறேங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குகிற கங்காணி கேட்டால், இந்தப் பெண்ணால் இல்லை என்று சொல்ல முடியுமா? சினிமாவில் வரும் சிங்கம் மாதிரி ஒரு நாயைப் பார்த்ததும் அவருக்குக் காட்டுப்பன்றி வேட்டை ஞாபகம் வந்திருக்கும். நாய் கை மாறிவிட்டது. பன்றிக் கொம்பு வயிற்றைக் கிழித்து எங்கேயாவது புதருக்குள் கிடக்கிறதோ என்னவோ. என் மனம் ஒரு முறை ஓட ஆரம்பித்தால் நிற்காது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பையில் ஒரு பொதி பிஸ்கட்டும் புது நைலான் கயிறும் இருந்தன. நாய் அங்கே இருந்தால் கட்டி இழுத்து வந்துவிடுவது, இல்லாவிட்டால் கங்காணி வீட்டு வாசலில் நின்று கத்துவது, இதுதான் திட்டம். அதை எங்கே வைத்திருப்பேன், வீட்டுச் சொந்தக்காரருக்கு என்ன சொல்வேன் என்பதெல்லாம் திட்டத்தில் இல்லை.

லயத்தில் ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பட்டிக்குப் போகும் பாதை மண் சரிந்து சேறாகிக் கிடந்தது. இரண்டு முறை வழுக்கி, சேலையெல்லாம் சேறாகி மேலே ஏறினேன். பட்டி வாசலில் முதலில் கண்ணில் பட்டது தூணில் சுற்றியிருந்த ஒரு தடித்த சங்கிலி. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நாயைக் காணோம். விறுவிறுவென்று உள்ளே போனேன்.

பசு படுத்திருந்தது. அதன் அடிவயிற்றோடு ஒட்டி ஒரு புதுக் கன்று, தொப்புள்கொடிகூட இன்னும் முழுதாகக் காயவில்லை. நல்ல கன்றாக இருக்கிறதே என்று குனிந்தேன். பின்னாலிருந்த புல் கட்டு எழுந்து நின்றது. புல் கட்டு இல்லை, நாய்!

என்னைத் தெரிந்துகொண்டது. வாலை ஆட்டி, கையை மோந்து, பிஸ்கட்டைத் தின்றது. கழுத்தைத் தடவினேன். புண் ஆறி அந்த இடத்தில் புது மயிர் அடர்ந்திருந்தது. என் கண் கலங்கிவிட்டது. பிறகு அது என் பைக்குள் மூக்கை விட்டு, கயிற்றை மோந்தது. நிதானமாக நடந்து போய் வாசலில் குறுக்கே நின்றுகொண்டது.

ஒரு எட்டு வைத்தேன். உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை, பார்த்தது. வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் நகர்ந்தது. எத்தனை பேரை நான் வாசலில் நிறுத்தி அப்படிப் பார்த்திருக்கிறேன்! மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். என் பையில் கயிறு இருந்தது. கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு, வேலை விட்டு வந்த அந்தப் பெண் கையில் டார்ச்சும் தலையில் புல்லுமாக வாசலில் நின்றார்.

"ஐயோ அக்கா! கங்காணி உங்கள புடிச்சு வச்சிட்டாரா?"

எந்தக் கங்காணி என்று கேட்டேன். அவர் புல்லை இறக்கிப் போட்டு, நாயைக் காட்டிச் சிரித்தார். "இவருதாங்க. பட்டிக்கு யாரு வந்தாலும் பின்னாலயே நின்னு பாக்குறாருன்னு லயத்துல அப்படித்தான் கூப்புடுறாங்க. நாய்னு சொன்னா சின்னப் புள்ளைங்க சண்டைக்கு வரும்."

தூணைக் காட்டி, அந்தச் சங்கிலி எதற்கு என்று கேட்டேன். பால் கறக்கும்போது பசுவைக் கட்டுவதற்காம். படம்?

அவர் சிரிப்பு நின்றது. "இவரு பட்டிய விட்டு எறங்க மாட்டாருங்க. மண்ணு சரிஞ்சதுல இருந்து வெளிச்சத்தோட மேல ஏறி வர முடியல, நா வாறப்ப இருட்டிரும். படம் வரலன்னா நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துக்கிட்டு பழசையே அனுப்பினேன். கன்னு போடுற நேரம் அக்கா. ராவுல புலி வந்து சுத்துச்சு. இவரு இல்லன்னா..." கன்றின் முதுகைத் தடவினார்.

அப்போதுதான் அவர் பார்வை திறந்திருந்த என் பைமேல் விழுந்தது.

"கயிறு எதுக்குங்க?"

"கன்னு போட்டிருக்கும்னு நெனச்சேன். கட்டுறதுக்கு வேணும்ல, அதான் வாங்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் கயிற்றை வாங்கி, விரலால் அதன் தடிமனைப் பார்த்தார். கன்றின் அவ்வளவு சின்னக் கழுத்துக்கு அது ரொம்பத் தடிப்பு. நாய் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை.

"சரிங்க" என்றார்.