தோல் தணலில் வெந்த பிரியாணி

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துப் பிரியாணிக் கடையில் வக்கார் அகமதுதான் மாஸ்டர். விறகில் தொழில் பழகியவர். ஆனால் விறகுச் சமையலை யாராவது பெருமையாகப் பேசினால் அவருக்கு எரிச்சல் வரும். புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் அவர். கடைக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த கேஸுக்கும் இப்போது கேடு வந்தது. வளைகுடாவில் கப்பல்கள் நிற்கின்றன என்றார்கள். இங்கே வர வேண்டிய சரக்கை, ஜாஸ்தி விலை கொடுத்து வேறு நாட்டுக்காரன் தூக்கிக்கொண்டான் என்றார்கள். கடைக்கு சிலிண்டர் வருவது நின்றது. முதலாளி நவீத் மட்டும் வாடவில்லை. கல்லாவில் உட்கார்ந்து போனைத் தேய்த்தபடி, "மாஸ்டர், கேஸ் கம்பெனி ஷேர் ஏறுது பாருங்க. போன வாரமே கொஞ்சம் வாங்கிப் போட்டேன்" என்றான்.

"நம்ம அடுப்பு எரியல. அதுல உனக்கு லாபம். நல்லாருக்கு தம்பி." வக்காருக்கு வாய் கசந்தது.

மறுபடியும் விறகு. அதுவும் சீக்கிரம் கிராக்கியானது. ஞாயிற்றுக்கிழமை, ஜாஸ்மின் என்கிற டீச்சரம்மா வீட்டில் பேத்திக்கு ஞானஸ்நானம்; ஒரு அண்டா பிரியாணி கேட்டிருந்தார்கள். வக்கார் சோற்றைத் தம்மில் மூடி, மூடிமேல் தணல் போடச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

திரும்பி வரும்போது வாசலிலேயே முடி பொசுங்கும் நாற்றம். ஆம்பூரில் பிறந்தவர் யாருக்கும் தெரிந்த நாற்றம்தான். மூடிமேல், தோல் பதனிடும் டேனரியில் கழித்துப் போடும் நீலம் பாய்ந்த தோல் சீவல் சுருண்டு சுருண்டு கருகிக்கொண்டிருந்தது.

"இன்னா பாண்டியா இது?"

அடுப்பு பார்க்கும் பாண்டியன் விழித்தான். "முதலாளிதான் மாஸ்டர், தோல் பேக்டரிலேர்ந்து மூட்டை கொண்டாந்தாரு. விறகு கம்மி, இத போடுன்னாரு. நல்லாதான் எரியுது."

வக்கார் மூடியைத் தள்ளிவிட்டு, வழக்கம்போல முகத்தை நீட்டி மூச்சு இழுத்தார். மசாலா வாசனைக்கு அடியில் டேனரி நாற்றம் உட்கார்ந்திருந்தது.

நவீத் எழுந்து வந்தான். "புதினா தூவி, எலுமிச்சை பிழிஞ்சி விடுங்க. டீச்சரம்மா ஆட்டோ வந்து நிக்குது."

"கெமிக்கல்ல ஊறின தோல் தம்பி. குழந்தைங்க சாப்புடும்."

"பேஜார் பண்ணாதீங்க பாய். ஊரே டேனரி தண்ணியத்தான் குடிக்குது. செத்தா போய்ட்டாங்க?"

வக்கார் தட்டு கழுவிய தண்ணீர் வாளியைத் தூக்கிவந்து அண்டாவுக்குள் கவிழ்த்தார். சோற்றின்மேல் எலும்பும் வாழையிலைத் துண்டும் மிதந்தன.

"பைத்தியமா உங்களுக்கு? நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதீங்க!"

அவர் அங்கேயே நின்று ஜாஸ்மினுக்குப் போன் போட்டார். "டீச்சரம்மா, பிரியாணி கெட்டுப்போச்சு. அனுப்ப மாட்டேன்."

"இன்னா பாய், சர்ச்லேர்ந்து எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க!" உள்ளே யாரையோ கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தார். "எங்க வீட்டு சிலிண்டர் இருக்கு. எரியற வரைக்கும் எரியட்டும். வந்து எதையாவது வடிச்சிக் குடுங்க."

காலி ஆட்டோவில் வக்கார் ஏறினார். பாண்டியன் பின்னாலேயே ஓடிவந்தான். "மாஸ்டர், நானும் வரட்டா?"

"மொதல்ல போய்க் கைய கழுவு. சோப்பு போட்டு."