கிணற்றுப் படியில் வைத்த கால்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஊரே திண்டாடியது. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, மானாவாரி மேட்டில் இருந்த ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். குடிதண்ணீருக்கு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு படிக்கிணறு. பெண்கள் குடத்தோடு படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டுகொண்டு மேலேறுவோம்.

அந்த வருடம் சித்திரையில் ஊருக்குள் நரம்புச் சிலந்தி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். காலில் ஒரு கொப்புளம் கிளம்பி நெருப்பாக எரியும். உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துவிட்டால் கால் வீங்கிப் பழுத்துப்போகும். முழுசாக வெளியே வர ஒரு மாதம்கூட ஆகும். அதுவரை ஆள் எழுந்து நடமாட முடியாது.

ஏழெட்டு வீட்டில் ஆட்கள் படுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க முடியாமல் கிடந்தார். அவர்களுடைய மிளகாய்ச் செடி கண்ணெதிரே காய்ந்தது. எங்கள் வீட்டில் என் மகளுக்கு வந்தது. ஆறு வயதுப் பிள்ளை, முழங்காலை ஒட்டிப் புண். உடம்புச் சூட்டில் வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், வெளியூர்க்காரர். வந்ததும் வராததுமாகக் கிணற்றில் இறங்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங்க, மீனு ஏதாச்சும் கெடச்சுதுங்களா? கொழம்பு வெக்கலாமுங்களா?" என்று கேட்டுவைத்தேன். குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "மீன் இல்லைம்மா, பூச்சி. நீங்களே பாருங்க" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார். பொடிப்பொடியாக என்னவோ துள்ளிக்கொண்டிருந்தது. டம்ளரைச் சட்டென்று அவர் கையிலேயே திணித்தேன். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "நாங்க காலங்காலமா இதைத்தானுங்க குடிக்கிறோம்" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் வீடு வீடாக வந்து கட்டுப் போட்டார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் கேலி செய்ததை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. மகளிடம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டபடி, நோகாமல் புழுவைச் சுற்றினார். நான் எதிரே குந்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேலை சற்று ஏறி, என் கணுக்கால் தெரிந்திருக்கிறது.

"அது என்னம்மா தழும்பு?" என்றார்.

"போன வருசம் வேலாமுள்ளு ஏறிருச்சுங்க."

"உங்க பொறந்த ஊர் எது?"

சொன்னேன். அவர் புழுவைச் சுற்றிய குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல், குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தப் புழு ஒரு வருஷம் உடம்புக்குள்ள இருக்கும்மா. புண் வந்த காலைத் தண்ணியில வெச்சா அதுல குட்டி போட்டுடும். நேத்து காட்டினேனே, அந்தப் பூச்சி அதைத் தின்னும். தண்ணியோட பூச்சியையும் நாம குடிச்சிடுவோம். அடுத்த வருஷம் நமக்கு வரும்." பையை மூடிவிட்டு, "தெரிஞ்சு யாரும் செய்யறதில்லைம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

என் காலில் ஏறியது முள்ளே இல்லை.

நான் பிறந்த ஊரில் இந்தச் சீக்கு அதிகம். 'சிலந்தி ஊர்' என்றே சுற்றுவட்டாரத்தில் கேலி பேசுவார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தபோதே மாமியார் அதற்காகத் தயங்கியிருக்கிறார். அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டு வந்து ஒரு வருடம் கழித்து எனக்குக் கொப்புளம் கிளம்பியது. வெளியே தெரிந்தால் பிறந்த வீட்டு மானம் போய்விடும் என்று முள் குத்தியதாகச் சொல்லிவிட்டேன். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து நானே குச்சியில் சுற்றிக்கொண்டேன். எரிச்சல் தாங்காதபோது, மத்தியானத்தில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அந்தத் தண்ணீரைத்தான் என் கையாலேயே என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் சாவடியில் ஊர் கூடியது. படிகளைக் கல் வைத்து மூட வேண்டும், சுற்றுச்சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டு மேலேயிருந்து சேந்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். ஒருவருக்கும் இஷ்டமில்லை. மணியக்காரர்தான் எல்லோருக்குமாகப் பேசினார்.

"நம்மூர்ல இதுக்கு முன்னால இந்தச் சீக்கே கெடையாதுங்க. போன வருசம் ஆரோ காலை வெச்சதுனால வந்துச்சுன்னு சொல்றீங்க. ஆருங்க அது? ஒரு ஆளைக் காட்டுங்க, நாளைக்கே மூடிப்போடறோம்."

நான் பெண்களோடு தூணோரம் நின்றிருந்தேன். பக்கத்திலேயே மாமியார். இன்ஸ்பெக்டரின் கண் ஒரு தரம் எங்கள் பக்கம் வந்து போனது. எனக்கு உயிரே இல்லை.

"யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. வழிப்போக்கர் யாராவது இறங்கியிருக்கலாம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

சாவடியே சிரித்தது. "நல்லாக் கதை விடறாருப்பா!" என்று ஒருவர் கத்தினார். மணியக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வாங்க சார். இருக்கிற படிய மூட முடியாதுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். சைக்கிளை நோக்கி நடந்தார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வந்த காரியம் முடிந்திருக்கும். சொல்லாமல், கேலிப்பட்டுக்கொண்டு போகிறார். வீட்டில் மகள் முனகிக்கொண்டு கிடந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். இதுவும் பிறந்து அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கப்போகிறது என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது நானுங்க!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். முன்னால் வந்து, தழும்பு தெரியச் சேலையை ஒரு விரல் தூக்கிக் காட்டினேன். "முள்ளு ஏறிருச்சுன்னு சொன்னது பொய்யிங்க. சிலந்திதானுங்க. எரிச்சல் தாங்காம நாந்தான் கெணத்துல காலை வெச்சேன்."

"அடிப் பாவி, குடியக் கெடுத்துப்போட்டியே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "அந்தம்மா தெரியாம செஞ்சதுங்க. எனக்கு வந்திருந்தா நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றார். மணியக்காரர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அப்புறம், "ரெண்டு வண்டி பூட்டுங்கப்பா, கல்லு ஏத்தோணும்" என்றார்.

படிகளை மூடுவதற்கு முன் குடித்த தண்ணீரால் அடுத்த சித்திரையில் இன்னும் சிலருக்கு வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஒருவருக்கும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அதுவரை என்னோடு பேசவே இல்லை. ஒரு நாள் ராட்டினத்தடியில், "கொடத்தைக் கொண்டா அம்மிணி" என்று என் குடத்தை வாங்கி அவரே சேந்தி ஊற்றினார். வயிற்றில் இருந்தவன் பிறந்து ஊரெல்லாம் ஓடினான். மகளின் முழங்கால்தான் மடங்கியது மடங்கியதாகவே நின்றுவிட்டது. இன்றைக்கும் அவள் சாய்ந்துதான் நடக்கிறாள். அவள் பெரியவளானதும் நானே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஊரே பேசினதுதானேம்மா, எனக்கு அப்பவே தெரியும். நீங்களாவே சொன்னீங்கன்னும் தெரியும்" என்றாள். அன்றைக்கு நான் அழுத அழுகை கொஞ்சமல்ல.

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனவர்தான், பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தாலும் கிணற்றுப் படி மூடப்பட்டிருக்கும், ஊரும் பிழைத்திருக்கும். ஆனால் என் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு ஆயுசுக்கும் வந்திருக்காது.